ரவைக்குச் சத்தம் உண்டா?

பிப்ரவரி 3, திங்கள்

வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. வீட்டில் கிடைக்கும் பொருள்களை வைத்துப் பத்து எளிய அறிவியல் செயல்பாடுகளைப் பிள்ளைகளே செய்து பார்க்க வேண்டும். பார்த்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பத்தொன்பதாம் தேதி அலுவலர் நேரில் வந்து வகுப்பைப் பார்ப்பார். தலைமையாசிரியை புஷ்பவல்லி அக்கா தாளை என் மேசையில் வைத்துவிட்டு ஏதோ சொல்லிக்கொண்டே போனார். தாளில் இருப்பதைத்தான் சொல்லியிருப்பார்.

எனக்குப் பயமில்லை. நாலாம் வகுப்பு, பத்தொன்பது பிள்ளைகள், பதினோரு வருடமாக இதே அறை. பள்ளியைச் சுற்றி மூன்று பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். காலையில் தறி ஓட ஆரம்பித்தால் ஜன்னல் கம்பிகூட அதிரும். புதிதாக வருகிற ஆசிரியர்கள் தலைவலி என்று இரண்டே மாதத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். எனக்கோ தறி ஓடினால்தான் பாடம் நன்றாக நடக்கிறது.

என் வகுப்பின் ஒழுங்கை அக்காவே மற்றவர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார். பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலிருந்து பேச மாட்டார்கள். எழுந்து வந்து, என் எதிரில் நின்று, நான் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள். இப்படிச் செய்யுங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதாக ஞாபகமில்லை. நல்ல வளர்ப்பு, தானாகப் படிந்துவிட்டது.

சாயங்காலம் மளிகைக் கடையில் உப்பு, தீப்பெட்டி, பலூன், எலுமிச்சம்பழம், நூல்கண்டு எல்லாம் வாங்கினேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

முட்டை மிதக்கும் செயல்பாடு. நல்ல தண்ணீரில் போட்டால் மூழ்கியது, உப்பைக் கரைத்துப் போட்டால் மிதந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். பூவரசன் மட்டும் அவித்த முட்டையும் மிதக்குமா என்று கேட்டான். நாளைக்கு நீயே அவித்துக் கொண்டு வந்து போட்டுப் பார் என்றேன். பச்சை முட்டை ஒன்று கீழே விழுந்து உடைந்தது. தரையைக் கழுவி முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது போலிருக்கிறது, அறையில் ஒரு பிள்ளைகூட இல்லை.

பிப்ரவரி 5, புதன்

அவித்த முட்டையும் மிதந்தது. அதைப் பூவரசனே தின்றான்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று தீப்பெட்டிச் செயல்பாடு. ஆறு தீப்பெட்டிகள். புளியங்கொட்டை, அரிசி, பச்சைப்பயறு, குண்டூசி, ரவை என்று ஐந்தில் போட்டு, ஒன்றைக் காலியாக விட்டேன். ஆட்டிக் கேட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நேற்றே நான் வீட்டில் ஆட்டிப் பார்த்துவிட்டேன். இன்று காலை முதல் வேலையாக விடையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பத்தொன்பது பதிவேடும் ஒன்றுபோல் இருந்தால்தான் வருகிறவருக்குப் பார்க்க நன்றாக இருக்கும்.

புளியங்கொட்டை கடகட. அரிசி சலசல. பச்சைப்பயறு கலகல. குண்டூசி கிணிகிணி. ரவை, சத்தம் வராது. காலிப் பெட்டி, சத்தம் வராது.

பதினெட்டுப் பேர் பார்த்து எழுதிக்கொண்டார்கள். தர்ஷிகா மட்டும் ரவைக்கு நேராக ‘ஸ்ஸ்னு வருது’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் தப்புப் போட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

“வருதுங்க டீச்சர்.”

“வராது. நான் ஆட்டிப் பாத்துட்டேன்.”

“சரிங்க டீச்சர்.”

அவள் சரி என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அடம்பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்காகப் போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்தது மாதிரி இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

மாதாந்திர மின்தடை. தறி ஓடவில்லை. ஊரே அமைதியாக இருந்தது. இந்த மாதிரி நாளில்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. எல்லோரும் தொண்டை கட்டியவர்கள் மாதிரி வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். புஷ்பவல்லி அக்கா வராந்தாவில் என்னிடம் ஏதோ கேட்டார், மறுபடி கேட்டார், பிறகு தோளைத் தொட்டார். யோசனையில் இருந்தேன் என்றேன். அது உண்மைதான், ஏதாவது யோசனை இருந்துகொண்டேதான் இருக்கிறது.

புதுப் போனும் சரியில்லை. ஒரே வருடத்தில் இது இரண்டாவது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இட்லிக்கு ஊறப்போட்டேன். பதிவேடு பத்தொன்பதுக்கும் அட்டை போட்டேன். உதவிக்கு இவரையும் உட்காரவைத்தேன். மில்லில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவர், ஆனால் அட்டை மடிக்கத் தெரியவில்லை. மேசையில் கிடந்த ரவைப் பெட்டியை எடுத்துச் சும்மா ஆட்டினார்.

“ஒரு பொண்ணு இதுல சத்தம் வருதுன்னு எழுதி வெச்சிருக்கறா. பாருங்க, ஏதாச்சும் வருதா?”

அவர் மறுபடி ஆட்டினார். என்னைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார்.

“ஒண்ணும் வரலை, கோகிலா” என்று சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். டி.வி. ஓடிக்கொண்டிருக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

எலுமிச்சைச் சாற்றில் ஆப்பசோடாவைப் போட்டு, பாட்டில் வாயில் பலூனை மாட்டி ஊதவைத்தோம். பாதி வகுப்புக்கு லீவு, நாளைக்குத் தைப்பூசம், பழனிக்கு நடந்து போகிறார்கள்.

பிப்ரவரி 12, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கே வேறு மாதிரி மாற்றிக்கொள்வேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஆறாவது, கரண்டிச் செயல்பாடு. நீளமான நூலின் நடுவில் ஒரு எவர்சில்வர் கரண்டியைக் கட்ட வேண்டும். நூலின் இரண்டு நுனியையும் இரண்டு ஆள்காட்டி விரலில் சுற்றி, அந்த விரல்களைக் காதில் வைத்து அடைத்துக்கொள்ள வேண்டும். குனிந்து, கரண்டியை பெஞ்சில் இடிக்க வேண்டும். அவ்வளவுதான். முதலில் ஆசிரியர் செய்து காட்ட வேண்டும் என்று போட்டிருந்ததால் நான் செய்தேன்.

கரண்டி இடித்ததும் தலைக்குள் கோயில் மணி அடித்தது. சின்ன மணியல்ல, பெரிய மணி. ங்ங் என்று நீண்டு, மெல்ல மெல்ல அடங்கியது. அடங்குகிற அந்தக் கடைசி நூலிழைச் சத்தம் வரைக்கும் எனக்குக் கேட்டது. மறுபடி இடித்தேன். மறுபடி கேட்டது. விரலை எடுத்துவிட்டு இடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. காதை அடைத்தால் கேட்கிறது, திறந்தால் கேட்கவில்லை. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது பத்தொன்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முகமெல்லாம் ஈரம். அழுதுகொண்டிருந்தேன்.

தர்ஷிகா எழுந்து வந்து எதிரில் நின்றாள். நான் பார்க்கும் வரை காத்திருந்தாள்.

“டீச்சர், உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?”

“கேட்டுச்சு கண்ணு.”

“நூல் வழியா வந்து, வெரல் எலும்பு வழியா தலைக்குள்ள போயிருக்குதுங்க. அப்ப ரவையையும் அப்புடியே கேளுங்க டீச்சர்.”

அலமாரியிலிருந்து ரவைப் பெட்டியை அவளே எடுத்து வந்தாள். என் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி வைத்து மெல்லச் சாய்த்தாள். ஸ்ஸ் என்று சரிந்தது. அந்தப் பக்கம் சாய்த்தாள். ஸ்ஸ். அவள் எழுதியிருந்தது அப்படியே, எழுத்துக்கு எழுத்து.

நோட்டை எடுத்து வரச் சொன்னேன். சிவப்புத் தப்பை அடித்துவிட்டுச் சரி போட்டேன். பிறகு வகுப்பைக் கேட்டேன்.

“அன்னைக்கு ரவைச் சத்தம் யாருக்கெல்லாம் கேட்டுச்சு? பொய் சொல்லாமக் கை தூக்கணும்.”

பத்தொன்பது கையும் மேலே போனது.

“அப்பறம் ஏன் வராதுன்னு எழுதுனீங்க?”

பூவரசன் மெல்ல எழுந்து முன்னால் வந்தான்.

“உங்களுக்குக் கேக்காதுன்னு எங்களுக்குத் தெரியுமுங்க டீச்சர். பெரிய சார் வந்து நோட்டைப் பாத்தாக் கண்டுபுடிச்சுருவாருங்க. அப்பறம் உங்களை மாத்திப் போட்டுருவாங்க. அதான் எல்லாரும் ஒரே மாதிரி எழுதிட்டமுங்க.”

“எப்பத்துல இருந்து தெரியும்?”

“நாங்க ரெண்டாவது படிக்கையிலயே தெரியுமுங்க. நாலாவதுக்குப் போனா டீச்சர் மூஞ்சிக்கு நேரா நின்னுதான் பேசோணும்னு பெரிய கிளாஸ் அண்ணனுங்க சொல்லிக் குடுத்துட்டாங்க.”

ஒழுங்கு, ஒழுங்கு என்று நான் மார்தட்டிக்கொண்டது இதைத்தான். ஒரு வகுப்பு அடுத்த வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்து, வருடக்கணக்காக என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைவிட அவர்கள் மேல் பாசம் அதிகமாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

எங்கள் பெரியம்மாவுக்குக் காது கேட்காது. ஊரில் எல்லோரும் ‘செவிட்டக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பெயர் தெய்வாத்தாள் என்று எனக்குத் தெரிந்ததே கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான். எனக்கும் அப்படி ஒரு பெயர் வந்துவிடுமோ, பிள்ளைகளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மூலையில் உட்காரவைத்து எழுத்து வேலை கொடுத்துவிடுவார்களோ என்றுதான் பயம். வேறு ஒன்றுமில்லை. இதை எழுத எனக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

இவரிடம் சொன்னேன். தனக்குத் தெரியும் என்றார். ஊரில் தெரியாத ஆள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

கோயம்புத்தூர். காது டாக்டர் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. இசைக்கவையைத் தட்டிக் காதருகில் காட்டினார். கேட்கவில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். ரீங்காரம் நன்றாகக் கேட்டது.

“இதை நாங்க புதன்கிழமையே செஞ்சு பாத்துட்டோமுங்க” என்றேன்.

“எதை வெச்சு?”

“கரண்டியும் ரவையும் வெச்சு.”

அவர் பேனாவை வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். பிறகு கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பரிசோதனை செய்தார்கள்.

“நரம்பு நல்லா இருக்குதும்மா. காதுக்குள்ள அரிசியைவிடச் சின்ன எலும்பு ஒண்ணு இருக்குது. அது அசைஞ்சு அசைஞ்சுதான் சத்தத்தை உள்ள அனுப்பும். உங்களுக்கு அது இறுகிப்போச்சு. எடுத்துட்டு வேற வெச்சுரலாம். அதிகமான பேருக்கு நல்லாவே திரும்பி வந்துரும்.”

“நெஜமாவா சொல்றீங்க?”

“தறி ஓடறப்ப உங்களுக்குப் பேச்சு நல்லாக் கேக்குமே?”

தூக்கிவாரிப் போட்டது. இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அப்படித்தானாம். இரைச்சலில் எல்லோரும் கத்திப் பேசுவார்கள், நமக்கோ இரைச்சல் அவ்வளவாக ஏறாது, பேச்சு மட்டும் தெளிவாக வந்து சேரும். இத்தனை வருடம் நான் தறிக்காரர்களுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் இவர் பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“அஞ்சு வருசமா ஊருக்கே கேக்கற மாதிரி பேசிட்டிருக்கறன். மில்லுல எல்லாரும் என்னைத்தான் செவிடன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆபரேஷன் இருபத்தெட்டாம் தேதி.

பிப்ரவரி 17, திங்கள்

மருத்துவ விடுப்புக்கு எழுதிக்கொடுத்தேன். புஷ்பவல்லி அக்கா படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசினார்.

“கோகிலா, பத்தொம்பதாம் தேதி முடியட்டும். அதுக்கப்பறம் இதைக் குடு. அன்னைக்குப் பலூனும் முட்டையும் காட்டு, போதும். கரண்டி வேண்டாம். கேள்வி கேட்டா நான் பக்கத்துல நின்னு சமாளிச்சுக்கறேன்.”

அவர் சொல்வது நல்லதுக்குத்தான். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. சரிங்க அக்கா என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பிள்ளைகளிடம் நாளைக்கு முட்டையும் பலூனும் மட்டும் என்றேன். தர்ஷிகா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அப்ப ரவைக்கு எல்லாரும் மறுபடியும் வராதுன்னு மாத்தி எழுதோணுங்களா டீச்சர்?”

கேலி இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே கேட்டாள். நான் சொன்னால் எழுதுவாள், அதுதான் என்னைக் குத்தியது. வேண்டாம் சாமி, இருக்கிறபடியே இருக்கட்டும் என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

பத்தரைக்கு அலுவலர் வந்தார். உயரமான மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நேராகப் போய்க் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் கரும்பலகையில் தலைப்பை எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பியபோது பிள்ளைகள் முகமெல்லாம் வெளிறியிருந்தது. அக்கா வாசலில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அலுவலர் பின்னாலிருந்து ஏதோ கேட்டிருக்கிறார், நான் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறேன். அக்கா சமாளிக்க வாயைத் திறந்தார்.

நான் முந்திக்கொண்டேன். எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

“சார், பின்னால இருந்து பேசினா எனக்குக் கேக்காதுங்க. எதுக்க வந்து நின்னு பேசுங்க. இந்த வகுப்புல எல்லாரும் அப்புடித்தான்.”

அவர் மெல்ல நடந்து வந்து என் எதிரில் நின்றார். பதினோரு வருடமும் கையைவிட்டுப் போகப்போகிறது என்று நினைத்தேன்.

“என்ன கேட்டேன்னா, ஆறாவது செயல்பாடு எதுன்னு கேட்டேன்” என்றார்.

“அதுதானுங்க ஆறாவது” என்றாள் தர்ஷிகா, என்னைக் கையால் காட்டி.

பிறகு பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் கரண்டியை வெறுமனே இடித்து எனக்குக் கேட்கவில்லை என்று காட்டினான். நூலைச் சுற்றிவிட்டுக் கேட்கிறது என்று காட்டினான். ரவைப் பெட்டியை எலும்பில் வைத்துக் காட்டினார்கள். டாக்டர் சொன்ன குட்டி எலும்பைப் பூவரசன் கரும்பலகையில் வரைந்தான், பூசணிக்காய் அளவுக்கு. அவருக்கும் நூலைச் சுற்றி விட்டார்கள். கரண்டி இடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் முறை இடிக்கச் சொன்னார். மூன்றாம் முறை அவரே இடித்தார். அடுத்த பள்ளிக்கு நேரமாகிறது என்று டிரைவர் வந்து நின்ற பிறகுதான் விரலை எடுத்தார்.

“எப்ப ஆபரேஷன்?”

“இருபத்தெட்டு சார்.”

“லீவு லெட்டர் என் மேசைக்கு இன்னைக்கே வந்தாகணும். நல்லபடியாப் போயிட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் இந்த வகுப்புக்கு வேற ஆள் போட மாட்டேன், எச்.எம். பாத்துக்குவாங்க.”

பார்வைப் பதிவில் அவர் குறையாக எழுதியது ஒன்றே ஒன்றுதான். பதிவேடுகளில் பக்க எண் போடவில்லையாம். எனக்கு உட்கார்ந்து நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது. குடித்தேன்.

மார்ச் 1, சனி

முடிந்தது. இடது காதில் பஞ்சு, தலையைச் சுற்றிக் கட்டு. எழுந்தால் அறை சுற்றுகிறது. நாக்கில் செம்புக் காசை வைத்த மாதிரி ஒரு ருசி. வாயை மூடிக்கொண்டு தும்மக் கூடாதாம். தும்மல் வருமோ என்ற நினைப்பிலேயே பொழுது போகிறது.

மார்ச் 8, சனி

பஞ்சை எடுத்தார்கள். டாக்டர் காகிதத்தைக் கசக்கினார். அந்தச் சத்தம் என் மேல் வந்து விழுந்தது. நர்ஸின் செருப்பு, ஃபேன், என் கண்ணாடி வளையல். வளையல் இவ்வளவு பேசுமா? இன்னும் மூன்று வாரத்தில் இதைவிடத் தெளிவாகும் என்றார் டாக்டர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர், “காப்பி வேணுமா?” என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

“மெதுவாப் பேசுங்க, எனக்குக் கேக்குது.”

“சரி!” என்று அதே சத்தத்தில் சொன்னார். பாவம், மறந்துபோய்விட்டது. பழக்க வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

பள்ளிக்குப் போனேன். காலைக் கூட்டத்திலேயே தலைவலி வந்துவிட்டது. தறி இப்படியா அலறுகிறது? மாறுதல் வாங்கிக்கொண்டு ஓடியவர்களைப் பற்றி இனி ஒன்றும் சொல்ல மாட்டேன். புஷ்பவல்லி அக்கா கட்டிப்பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் சாமந்திப் பூ கொடுத்தார்கள். ஒவ்வொருவராக வந்து, பழக்கதோஷத்தில் எதிரில் நின்று, நலமா என்று கேட்டார்கள். இனி உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசலாம் என்றேன். தலையாட்டினார்களே தவிர யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதி எழுத ஆரம்பித்தேன். முதுகுக்குப் பின்னால், மூன்றாவது பெஞ்சிலிருந்து பூவரசனின் குரல்.

“காதுக்கு மேல முடியை வழிச்சுட்டாங்க பாரு. உரிச்ச கோழியாட்ட இருக்குது.”

உடனே தர்ஷிகாவின் குரல், பதறிப்போய், ரொம்பச் சன்னமாக.

“டேய், மெதுவாப் பேசுடா. டீச்சருக்குக் கேட்டுரும்.”

நான் திரும்பவில்லை. சாக்பீஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மீதித் தேதியை எழுதி முடித்தேன்.